அலையில்லாத கடல் பாதுகாப்பானதா?

கரீபியன் தீவில் கைட்போர்டிங் செய்ய இடம் தேடும் இளையர்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசை

கரீபியன் கடலில் உள்ள அரூபா தீவின் இரண்டு கடற்கரைகளைப் பார்ப்போம்.

முதலாவது, தீவின் வடமேற்கில் உள்ள ‘ஃபிஷர்மன்ஸ் ஹட்ஸ்’. ஹடிகுராரி என்றும் அதற்குப் பெயர் உண்டு. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அலை என்று சொல்ல அங்கு அதிகம் இல்லை. கரையிலிருந்து சற்றுத் தூரம் நடந்து சென்றாலும் ஆழம் குறைவுதான். வெண்மணல், சற்றுத் தள்ளி வரிசையாக உயரமான ஹோட்டல்கள். சுற்றுலாக் கையேட்டின் அட்டையில் போடத்தக்க இடம்.

இரண்டாவது, தீவின் தென்கிழக்கு முனைக்கு அருகே உள்ள போக்கா கிராண்டி. அங்கே காற்று முகத்தில் அறையும். அலைகள் நுரை பொங்கக் கரைக்கு வரும். மணலை ஒட்டிப் பாறைகளும் உண்டு. ஹோட்டல் கூட்டம் கிடையாது.

இப்போது ஒரு கேள்வி. பட்டத்தின் கயிறுகளை இடுப்பு வாரில் மாட்டி, பலகைமீது நின்று கடலில் சறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று பட்டம் தண்ணீரில் விழுகிறது, மீண்டும் எழவில்லை. உதவிக்குப் படகும் இல்லை. எந்தக் கடற்கரையில் நீங்கள் கரை சேரும் வாய்ப்பு அதிகம்?

பலரும் முதலாவதைத்தான் சொல்வார்கள். சரியான விடை இரண்டாவது. போக்கா கிராண்டியில் அலை உங்களைப் புரட்டும், பாறையில் சிராய்ப்பும் ஏற்படலாம். ஆனால் காற்றும் அலையும் உங்களைத் தீவை நோக்கியே தள்ளும். ஹடிகுராரியில் காற்று தீவிலிருந்து கடலுக்கு வீசுகிறது. அமைதியான அந்தத் தண்ணீரில் விழுந்த பட்டம் உங்களை ஆழ்கடல் பக்கம் இழுத்துச் செல்லும்.

அலையைப் பார்த்து ஆபத்தை அளக்கும் பழக்கம் நீச்சலுக்குச் சரி. கைட்போர்டிங்கிற்கு அது போதாது. இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: எல்லாம் கைவிட்ட பிறகு காற்று என்னை எங்கே கொண்டு சேர்க்கும்?

நம் வட்டாரத்திலும் வளரும் ஆர்வம்

2024 ஆகஸ்ட் 9, சிங்கப்பூரின் தேசிய தினம். அன்று பிரான்சின் மார்செய் கடலில் 17 வயது மேக்ஸ் மேடர் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கம் வென்றார். கைட்போர்டிங் வகைப் போட்டி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. அதற்குப் பின்னர் இந்த விளையாட்டின் பெயரை அறியாத மாணவர்கள் இங்கே குறைவு.

கரீபியன் தீவுகளுக்கு இந்த விளையாட்டில் தனி இடம் உண்டு. 2018ல் புவெனஸ் அய்ரஸ் நகரில் நடந்த இளையர் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான கைட்போர்டிங் தங்கத்தை இருவர் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் ஸ்லோவேனியாவின் டோனி வோடிஷெக். பாரிஸ் ஒலிம்பிக்கில் மேடருக்கு ஓரிடம் முன்னால் வந்து வெள்ளி வென்றவர். மற்றவர் டொமினிகன் குடியரசின் டெவுரி கொர்னியெல்.

அமெரிக்கா, கனடா, நெதர்லாந்து போன்ற நாடுகளுக்குப் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் படிக்கச் செல்லும் நம் மாணவர்களுக்குக் கரீபியன் தீவுகள் எட்டாத தொலைவில் இல்லை. மார்ச் மாத விடுமுறையில் நண்பர்களுடன் செல்வோர், ‘ஒரு நாள் கைட்போர்டிங் முயன்று பார்க்கலாமே’ என்று எண்ணுவது இயல்பு.

ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. ஒலிம்பிக் போட்டியின்போது வீரர்களைச் சுற்றி நடுவர் படகுகளும் மீட்புப் படகுகளும் நிற்கும். காற்று சரியில்லை என்றால் போட்டியையே தள்ளிவைப்பார்கள். விடுமுறைக் கடற்கரையில் அந்த முடிவை நீங்களேதான் எடுக்க வேண்டும்.

மரம் சொல்லும் திசை

அரூபாவுக்குச் செல்வோர் அனைவரும் படம் எடுத்துக்கொள்ளும் மரம் டிவி-டிவி. அதன் தண்டு ஓரளவு நேராக வளர்ந்து, பிறகு யாரோ பிடித்து வளைத்ததுபோல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். வளைத்தது காற்று. ஆண்டு முழுதும் கிழக்குப் பக்கத்திலிருந்து வீசும் காற்று, மரத்தை மேற்கு, தென்மேற்குப் பக்கமாகச் சாய்த்துவிடுகிறது.

இந்தக் காற்றுக்கு வணிகக் காற்று என்று பெயர். பாய்மரக் கப்பல் காலத்தில் ஐரோப்பிய மாலுமிகள் அட்லாண்டிக் கடலைக் கடக்க நம்பியிருந்த ‘டிரேட் விண்ட்’ இதுதான். வட அட்லாண்டிக்கில் அசோர்ஸ், பெர்முடா தீவுகளை ஒட்டி உயரழுத்தப் பகுதி ஒன்று நிலைகொள்கிறது. அங்கிருந்து நிலநடுக்கோட்டுப் பக்கமுள்ள தாழ்வழுத்தப் பகுதியை நோக்கி நகரும் காற்று, பூமியின் சுழற்சியால் திரும்பி, கரீபியன் தீவுகளைக் கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வந்தடைகிறது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பருவக் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. கரீபியனில் அந்தக் குழப்பம் குறைவு. காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வரும். ஆகவே ஒரு தீவின் வரைபடம் கையில் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கிழக்குக் கரையில் காற்று தரையை நோக்கி வீசும். மேற்குக் கரையில் கடலை நோக்கி வீசும். வடக்கு, தெற்குக் கரைகளில் பக்கவாட்டில் வீசும். விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே, வீட்டில் அமர்ந்து இதைக் கணித்துவிடலாம்.

நான்கு வகைக் காற்று

கடற்கரையில் நின்று கடலைப் பாருங்கள்.

காற்று நேராக முகத்தில் அடித்தால் அது கரை நோக்கிய காற்று. தொலைந்து போகமாட்டீர்கள். ஆனால் பட்டத்தை ஏற்றும்போதே அது உங்களைப் பின்னாலுள்ள மரம், சுவர், மனிதர் மீது இழுத்துச் செல்லக்கூடும். கரையை விட்டு விலகிச் செல்வதும் கடினம்.

காற்று முதுகில் அடித்தால் அது கடல் நோக்கிய காற்று. தண்ணீர் தட்டையாக இருப்பதற்கு அதுவே காரணம். காற்று அலையை எழுப்பத் தூரம் வேண்டும். கரையருகே அந்தத் தூரம் இல்லை. தொடக்கநிலையினரை ஈர்க்கும் அமைதியும் ஆழ்கடலுக்கு இழுக்கும் ஆபத்தும் ஒரே காற்றிலிருந்து பிறப்பவை.

காற்று ஒரு காதிலிருந்து மறு காதுக்குக் கரையோரமாக வீசினால் அது பக்கவாட்டுக் காற்று. அதுவே சற்று முகத்தின் பக்கமாகச் சாய்ந்து வந்தால், அதாவது பக்கவாட்டாகக் கரையை நோக்கி வீசினால், கற்றுக்கொள்வோருக்கு அதுதான் சிறந்தது. கடலுக்குள் போகவும் முடியும். தவறினால் சற்றுத் தள்ளியாவது கரை சேரவும் முடியும்.

இதன் அருமை புரிய, ‘சுயமீட்பு’ என்ற பயிற்சியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டம் மீண்டும் எழாதபோது, கயிறுகளைக் கைப்பிடிக் கம்பியில் சுற்றிக்கொண்டே பட்டத்தை நெருங்கி, காற்று அடைத்த அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பட்டத்தையே படகும் பாயுமாக்கி மிதந்து வர வேண்டும். பிரான்சைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெய்ன்யூ சகோதரர்கள் 1984ல் காப்புரிமை பெற்ற காற்றடைத்த பட்டம்தான் இன்றைய பட்டங்களுக்கு முன்னோடி. விழுந்தாலும் மூழ்காது, தண்ணீரிலிருந்து மீண்டும் ஏற்றலாம் என்பதே அதன் சிறப்பு.

ஆனால் அந்தப் பாய் காற்று போகும் பக்கம்தான் போகும். காற்று கரையை நோக்கி வீசினால் கரை சேரலாம். கடலை நோக்கி வீசினால், கற்ற பயிற்சியைத் தவறில்லாமல் செய்தாலும் கரை விலகிக்கொண்டே போகும். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் மிதந்தாலே 20 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் தூரம். அலைகளுக்கு நடுவே மிதக்கும் ஒரு தலையை அந்தத் தூரத்திலிருந்து யாரும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

அரூபாவின் மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல்தான்.

அப்படியானால் ஹடிகுராரி வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்ல முடியாது. அரூபாவில் கைட்போர்டிங், விண்ட்சர்ஃபிங் கற்பிக்கப்படும் முக்கிய இடமே அதுதான். உலக விண்ட்சர்ஃபிங் பட்டத்தைப் பலமுறை வென்ற சாரா-கிட்டா ஆஃப்ரிங்கா இந்தத் தீவில் வளர்ந்தவர். ஆழம் குறைந்த, தட்டையான தண்ணீரில் முதல் பாடங்களைக் கற்பது எளிது.

அந்த இடத்தைப் பாதுகாப்பானதாக மாற்றுவது படகு. மாணவரைக் கண்காணிக்கும் பயிற்றுநர், உடனே புறப்படத் தயாராக நிற்கும் மீட்புப் படகு, கரையிலிருந்து கண்ணெடுக்காமல் பார்க்கும் ஒருவர் ஆகிய மூன்றும் இருந்தால் அங்கே கற்கலாம். பட்டத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியே இறங்குவோருக்கு அதே இடம் வேறு இடமாகிவிடுகிறது.

அரூபாவுக்குக் கிழக்கே உள்ள பொனேர் தீவு இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே கைட்போர்டிங் செய்வோர் கூடும் அட்லாண்டிஸ் கடற்கரை தென்மேற்குக் கரையில் உள்ளது. காற்று கடலை நோக்கி வீசும். கரையை விட்டுச் சிறிது தூரத்திலேயே பவளப்பாறை சரிந்து ஆழம் தொடங்கிவிடும். அதனால் அங்குள்ள பயிற்சிப் பள்ளிகள் படகை வைத்துக்கொண்டே இயங்குகின்றன. படகு இல்லாத நாளில் அங்கே இறங்குவதில் அர்த்தமில்லை.

அதே தீவின் கிழக்கே லாக் விரிகுடா இருக்கிறது. ஆழமற்ற, காற்று நிறைந்த இடம். பார்த்தவுடன் பட்டத்தை விரிக்கத் தோன்றும். ஆனால் அங்கே விண்ட்சர்ஃபிங் செய்யலாம். கைட்போர்டிங்கிற்கு அனுமதி இல்லை. பொனேரைச் சுற்றியுள்ள கடல் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. நல்ல காற்று உள்ள இடமெல்லாம் அனுமதி உள்ள இடமாகிவிடாது. உள்ளூர் விதிகளைக் கேட்டறிவதும் பாதுகாப்பின் ஒரு பகுதி.

பக்கவாட்டுக் காற்று வீசும் கரைகள்

முதன்முறையாகக் கற்க விரும்புவோர் பக்கவாட்டாகக் கரையை நோக்கிக் காற்று வீசும் இடங்களைத் தேடுவது நல்லது.

டொமினிகன் குடியரசின் வடக்குக் கரையில் உள்ள கபரெட்டே ஊர் இதற்குப் புகழ்பெற்றது. ஊருக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரைக்குப் பெயரே ‘கைட் பீச்’. கரை வடக்கே பார்க்கிறது. காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறது. கரைக்கு வெளியே உள்ள பவளத்திட்டு பெரிய அலைகளை உடைத்துவிடும். காலையில் காற்று மெலிவாக இருக்கும். வெயில் ஏற ஏற உட்பகுதி நிலம் சூடாகி, கடற்காற்றும் வணிகக் காற்றுடன் சேர்ந்துகொள்ளும். நண்பகலுக்குப் பிறகு வலுவான காற்று கிடைக்கும்.

அதனால் ‘காலையில் சும்மா இருந்ததே’ என்று நினைத்துப் பெரிய பட்டத்துடன் பிற்பகலில் இறங்குவோர் சிக்கிக்கொள்ளலாம். அந்த ஊரில் புதியவர்களுக்கான பாடங்களுக்கு முற்பகல் ஏற்றது. பிற்பகலில் கடலில் கூட்டமும் அதிகம், காற்றும் அதிகம்.

அண்டிகுவா தீவின் வடகிழக்கே உள்ள ஜாபர்வாக் கடற்கரையிலும் காற்று பக்கவாட்டாகக் கரையை நோக்கி வருகிறது. பார்படோஸ் தீவின் தென்முனையில் உள்ள சில்வர் ராக் கடற்கரையிலும் அப்படியே. ஆனால் சில்வர் ராக்கில் அட்லாண்டிக் அலைகள் வலுவாக வரும். ஓரளவு பழகியவர்களுக்கே அது பொருந்தும்.

ஆக, காற்றின் திசை முதல் கேள்வி. அதுவே கடைசிக் கேள்வி ஆகாது. திசை சரியாக இருந்தாலும் அலை, பாறை, கூட்டம், உங்கள் திறன் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும்.

எந்த மாதம் செல்வது?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வணிகக் காற்று நிலையாக வீசும். கிறிஸ்துமஸ் காலத்தை ஒட்டிச் சில நாள் மிகவும் வலுக்கும் காற்றை அங்குள்ளோர் ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்றே அழைப்பர். ஜூன், ஜூலையில் மீண்டும் ஓர் உச்சம் உண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை காற்று மெலியும்.

சூறாவளிக் காலம் அதிகாரபூர்வமாக ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை அதன் கடுமை அதிகம். அரூபா, பொனேர், குராசோ ஆகிய மூன்று தீவுகளும் தென் அமெரிக்கக் கரையை ஒட்டி, வழக்கமான சூறாவளிப் பாதைக்குத் தெற்கே அமைந்துள்ளன. மற்ற பெரும்பாலான தீவுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2024 ஜூலை 1ஆம் தேதி ‘பெரில்’ சூறாவளி கிரெனடாவின் கரியாக்கு தீவைத் தாக்கியது. அருகிலுள்ள யூனியன் தீவில் பெரும்பாலான வீடுகள் சேதமடைந்தன. கைட்போர்டிங்கிற்குப் பெயர்பெற்ற தீவு அது. ஜூலை தொடக்கத்திலேயே அப்படிப்பட்ட சூறாவளி வரக்கூடும் என்பதைப் பயணம் திட்டமிடுவோர் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

சூறாவளி வருவதைச் சில நாள்களுக்கு முன்பே அறியலாம். திடீரென வரும் மழைமேகம் அப்படியல்ல. நம் ஊரில் விடியற்காலையில் வந்துபோகும் சுமத்ரா காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கரீபியனிலும் கருமேகம் ஒன்று நெருங்கும்போது காற்று சில நிமிடங்களில் வலுக்கும், திசையும் மாறும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் பட்டத்தை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். 15 நாட் காற்று 20 நாட் ஆனாலே விசை ஏறத்தாழ 1.8 மடங்கு. இயற்பியல் பாடத்தில் வேகத்தின் இருபடி என்று படிப்பது இங்கே உடலைத் தூக்கி எறியும் விசையாகிறது. காற்று வரும் பக்கத்தில் கருமேகத்தைக் கண்டால் அது வந்து சேரும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே கரைக்கு வந்து பட்டத்தை இறக்கிவிட வேண்டும்.

கரையில் ஒரு கால் மணி நேரம்

இடத்தைத் தேர்ந்தெடுத்தாயிற்று. கடற்கரைக்கும் வந்தாயிற்று. பட்டத்தை விரிக்குமுன் ஒரு கால் மணி நேரம் கைகட்டி நின்று பாருங்கள். இந்த விளையாட்டில் நேரும் கடுமையான காயங்களில் பல, கடலில் அல்ல, கரையில் பட்டத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஏற்படுகின்றன.

முதலில் காற்று போகும் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பட்டத்தின் கயிறுகள் பொதுவாக 20 முதல் 24 மீட்டர் நீளம். அதுபோல் இருமடங்கு, அதாவது 50 மீட்டர் தூரமாவது உங்களுக்குப் பின்னால் காற்றுத்திசையில் காலியாக இருக்க வேண்டும். தென்னை, மின்கம்பி, கார், கல்சுவர், குழந்தைகள் என எது இருந்தாலும் அந்த இடம் ஏற்றதல்ல.

அடுத்து, காற்று வரும் பக்கம் பாருங்கள். உயரமான கட்டடம் காற்றைத் தடுத்துக் குழப்பிவிடும். கட்டட உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கும் அந்தக் குழப்பம் நீடிக்கலாம். 30 மீட்டர் உயர ஹோட்டலுக்குப் பின்னால் 300 மீட்டர் வரை காற்று ஒருகணம் நின்று, மறுகணம் பாயும். அரூபாவின் பாம் பீச்சில் ஹோட்டல்களுக்கு எதிரே இறங்காமல் வடக்கே தள்ளி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, தண்ணீருக்கு அடியில் உள்ளதைக் கேட்டறியுங்கள். பவளப்பாறை, கடல் முள்ளெலி இருக்கும் இடத்தில் காலில் பாதுகாப்புக் காலணி வேண்டும். 2011 முதல் பல ஆண்டுகளில் சர்காசம் எனும் பழுப்புநிறக் கடற்பாசி கிழக்குக் கரைகளில் திரளாக ஒதுங்குகிறது. அது குவிந்துள்ள இடத்தில் கயிறுகள் சிக்கும், பலகையும் நகராது.

நான்காவது, வேறு எங்கே கரையேறலாம் என்று பாருங்கள். தொடங்கிய இடத்துக்கே திரும்ப முடியாமல் போனால், காற்றுப் போக்கில் அடுத்த மணற்கரை எது? அதற்கு முன் பாறை முனையோ படகுத்துறையோ இருக்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் இறங்கக் கூடாது.

ஐந்தாவது, மேலேயும் பாருங்கள். தீவுகள் சிறியவை. விமான நிலையங்கள் கடற்கரையை ஒட்டியே இருக்கும். ஓடுபாதைக்கு அருகே பட்டம் பறக்கவிடுவது குற்றம் மட்டுமன்றி, பிறர் உயிருக்கும் ஆபத்து.

கடைசியாக, மற்றவர்களைப் பாருங்கள். கடலில் எத்தனை பட்டங்கள்? அவர்கள் எந்த அளவுப் பட்டம் வைத்திருக்கிறார்கள்? காற்று நன்றாக வீசியும் ஒருவர்கூட இறங்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அங்கேயே வசிப்பவரிடம் கேட்டுவிடுங்கள். அரூபாவில் பேசப்படுவது பாப்பியமெந்தோ, டச்சு மொழிகள் என்றாலும் ஆங்கிலம் பலருக்கும் தெரியும்.

பயிற்சிப் பள்ளியிடம் கேட்க வேண்டியவை

கைட்போர்டிங் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும் விளையாட்டு அல்ல. பலகையில் எழுந்து நிற்கவே பலருக்கும் சில நாள்களாகும். முதல் பாடம் கரையில் சிறிய பட்டத்துடன் தொடங்கும். பிறகு பலகை இல்லாமல் தண்ணீரில் இழுபடப் பழக வேண்டும். பலகை கடைசியில்தான் வரும். முதல் நாளிலேயே பலகையைக் கொடுக்கும் பள்ளியைச் சற்றுச் சந்தேகத்துடன் பாருங்கள்.

பணம் கட்டுமுன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

பயிற்றுநரிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் உள்ளதா? ஐகேஓ எனப்படும் அனைத்துலகக் கைட்போர்டிங் அமைப்பு உள்ளிட்ட அமைப்புகள் பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் வழங்குகின்றன.

ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? ஒருவர் அல்லது இருவர் என்றால் நல்லது.

மீட்புப் படகு உள்ளதா? ‘உண்டு’ என்றால், இப்போது எங்கே நிற்கிறது, யார் ஓட்டுவார் என்றும் கேளுங்கள். படகைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் தருவார்களா? கடலில் இருக்கும்போது பயிற்றுநர் உங்களுடன் பேச வானொலி வசதி உள்ளதா?

காற்று சரியில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாளுக்கு மாற்றுவார்களா? இது பணத்தைப் பற்றிய கேள்விபோல் தோன்றும். உண்மையில் பாதுகாப்புக் கேள்வி. கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற எண்ணம்தான், இறங்கக்கூடாத நாளில் மாணவரையும் பள்ளியையும் கடலில் இறக்குகிறது.

அவசரத்தில் பட்டத்தை விடுவிக்கும் முறை மூன்று படிகளைக் கொண்டது. முதலில் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட வேண்டும், இழுவிசை குறையும். அது போதவில்லை என்றால் இடுப்பில் உள்ள விடுவிப்பானைத் தள்ள வேண்டும். பட்டம் ஒரே கயிற்றில் தொங்கிச் சக்தி இழக்கும். அப்போதும் இழுத்தால் அந்தக் கடைசி வாரையும் கழற்றிப் பட்டத்தைப் போகவிட வேண்டும். பயத்தில் மனித இயல்பு கம்பியை இறுகப் பற்றுவதுதான். ஆகவே கரையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, கை தானாக விடுவிப்பானைத் தேடிப் போகும்வரை பழக வேண்டும். பட்டத்தின் விலையை அப்போது நினைக்கக் கூடாது.

பயணக் காப்புறுதியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பல காப்புறுதித் திட்டங்கள் சாகச விளையாட்டுகளை விலக்கிவைக்கின்றன. சிறிய தீவில் கடுமையான காயம் ஏற்பட்டால் சிகிச்சைக்காக வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுசெல்ல வேண்டி வரலாம். அந்தச் செலவை ஒரு குடும்பம் தாங்குவது கடினம்.

‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு

விடுமுறைக்கு ஓர் அழுத்தம் உண்டு. ஐந்து நாள் பயணம். நான்கு நாள் காற்று சரியில்லை. ஐந்தாம் நாள் மாலை காற்று எழுகிறது. நண்பர்கள் கைப்பேசியுடன் தயாராக நிற்கிறார்கள். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டு’ என்ற பேச்சு அப்போது எழும்.

அந்த நேரத்தில் சில எளிய விதிகள் உதவும். தனியாக இறங்க வேண்டாம். கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையேறிவிடுங்கள். இருட்டிய பிறகு கடலில் ஒருவரைத் தேடுவது மிகக் கடினம். நீந்தித் திரும்பக்கூடிய தூரத்தைத் தாண்ட வேண்டாம். தடுமாற்றமாக உணர்ந்தால் இறங்கவே வேண்டாம்.

காற்று தவறாக வீசும் நாளில் செய்வதற்குத் தீவில் வேலையா இல்லை? அரூபாவின் மேற்குக் கரையில் மூக்குக்குழாய் அணிந்து மீன்களைப் பார்க்கலாம். பொனேரின் பவளப்பாறைகளைக் காணவே உலகெங்கிலுமிருந்து முக்குளிப்போர் வருகின்றனர். கபரெட்டேயில் கரையில் அமர்ந்து, தேர்ந்த வீரர்கள் பட்டத்தை எப்படி ஏற்றி இறக்குகிறார்கள் என்று கவனித்தாலே ஒரு பாடம் கற்ற பயன் கிடைக்கும்.

அந்தத் தீவுகளில் காற்று ஆண்டின் பெரும்பகுதி வீசிக்கொண்டே இருக்கும். இன்று விட்டால் நாளை வரும். இந்த ஆண்டு விட்டால் அடுத்த ஆண்டு வரும். பட்டத்தைப் பைக்குள் வைத்து மூடிவிட்டுத் திரும்பி நடப்பவருக்கு அடுத்த காற்று காத்திருக்கிறது.